நான் நீக்கிய காலைகள்

நெட்டுக்குப்பத்தில் மீன் விற்கும் ஓர் அக்காவின் மொட்டைமாடியில்தான் காற்றை அளக்கும் எங்கள் ஆய்வுக் கம்பத்தை நட்டோம். அதன் உச்சியில் ஒரு காற்றுமானி. காற்று மேலும் கீழும் எப்படிக் குலுங்குகிறது என்பதை நொடிக்குப் பலமுறை பதிவுசெய்யும். பக்கத்து ஆலைகளின் புகையை மேலே தூக்கிக் கலைப்பது அந்தக் குலுக்கல்தான். அது எவ்வளவு என்று கணக்கிட்டுச் சொல்வது என் வேலை.

அக்காவுக்கு இழுப்பு. புகை படியும் விடியற்காலைகளில் காசிமேட்டு ஏலத்துக்குப் போக முடியாமல் படியிலேயே உட்கார்ந்துவிடுவார்.

"பொக கீய எறங்கிச்சுன்னா மூச்சு இஸ்துக்குதுன்னு சொன்னா ஒருத்தனும் நம்பமாட்றான் நைனா. உன் மிஷினு சொன்னா நம்புவானுங்கல்ல?"

நம்புவார்கள் என்று பெரிய மனுஷன் மாதிரி வாக்குக் கொடுத்தேன்.

சில மாதங்கள் கழித்துக் கணக்குப் போட உட்கார்ந்தேன். இந்த முறையில் ஒரு விதி உண்டு. காற்று அசையாத நேரங்களில் கணக்கு தப்பாக வரும், ஆகவே அந்த நேரங்களை நீக்கிவிட வேண்டும். நீக்கினேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை, சொல்லவே வெட்கமாக இருக்கிறது. மிச்சத்தின் சராசரி ஜோராக வந்தது. இங்கே காற்று நன்றாகவே கலக்கிறது என்று அறிக்கை போயிற்று.

கம்பத்தைக் கழற்றப் போன அன்று அக்கா தன் மாதக் காலண்டரைக் கொண்டுவந்து நீட்டினார். பால் வராத நாளுக்குப் பெருக்கல் குறி. இழுப்பு வந்த நாளுக்கு வட்டம், பக்கத்தில் மணி. எல்லாமே ஐந்தரை, ஆறு, ஆறேகால். கடற்காற்று ஏறுவதற்கு வெகுநேரம் முன்பு. மாடியிலேயே மடிக்கணினியைத் திறந்து, நான் நீக்கிய நேரங்களோடு ஒப்பிட்டேன். ஒரு வட்டம்கூடத் தப்பவில்லை, எல்லாமே நான் நீக்கிய நேரங்களுக்குள் இருந்தன.

"மிஷின்ல வந்துச்சா நைனா?"

"வந்துச்சுக்கா."

"பேப்பர்ல?"

அறிக்கையைத் திருத்துகிறேன் என்றேன். மேலதிகாரியிடம் காலண்டரைக் காட்டினேன். "விதிப்படிதானே செஞ்சே? பால் கணக்கையெல்லாம் ஆதாரம்னு வைக்கச் சொல்றியா?" என்றார். அறிக்கையை ஏற்றுக்கொண்டுவிட்டார்களாம். அதற்குமேல் சண்டை போடும் துணிச்சல் எனக்கு இல்லை.

அடுத்த வருஷம் அந்தப் பக்கம் போனபோது அக்கா வீட்டுக்குள் நுழைந்தேன். சுவரில் புதுக் காலண்டர். பெருக்கல் குறிகள் இருந்தன, வட்டம் ஒன்றுகூட இல்லை. என் அற்ப மனசுக்கு ஒரு கணம் சந்தோஷம்.

"இழுப்பு நின்னுடுச்சாக்கா?"

"அது எங்க நிக்கும் நைனா? குறிக்கிறததான் வுட்டுட்டேன்."