வெயிலுக்கு வக்காலத்து

போன வாரம் வெயிலுக்கு வக்காலத்து வாங்கப் போயிருந்தேன். ஃபீஸ் — ஒரு சால்வை, ஒரு இளநீர்.

பெரம்பலூரை அடுத்த குரும்பலூர் பக்கம் ஒரு கிராமம். மாசித் திருவிழாவில் பட்டிமன்றம். தலைப்பு: 'புவி வெப்பமாதல் — நன்மையா, தீமையா?' நன்மை அணிக்கு ஆளே கிடைக்கவில்லையாம். எதையும் கூசாமல் பேசக்கூடிய ஆள் யார் என்று யோசித்து எனக்கு போன் போட்டிருக்கிறார்கள். இதற்குப் பெருமைப்படுவதா, கோபப்படுவதா?

எதிரணியில் என் நண்பர், அரியலூர்ப் பேராசிரியர்.

சாயங்காலம் நாலு மணி. மேடை தோசைக்கல்லாகக் கொதித்தது. "என்னங்க, பந்தல் போடலையா? தலை வெடிச்சிரும் போல இருக்கே!" என்று விழாக் கமிட்டிக்காரரிடம் சத்தம் போட்டேன். கவனியுங்கள்... நான்தான் வெயிலுக்கு வக்கீல்!

அவர் பாவம், ஓடினார். பக்கத்துத் தார் ரோட்டில் பாதியை அடைத்து மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கம் ரோடுதான் களம். பஸ்காரர்களே ஒதுங்கித்தான் போவார்கள். ராத்திரிப் பனிக்குச் சோளத்தை மூடுகிற படுதாக்கள் ஓரமாக மடித்துக் கிடந்தன. அவற்றைக் கொண்டுவந்து என் தலைக்கு மேல் கட்டிவிட்டார்.

சோளத்துக்குச் சொந்தக்காரர் செல்வி, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். "பேசி முடிச்சதும் குடுத்துருங்க சார். பொழுது சாயுறதுக்குள்ள மூடணும். நாளைக்கு லாரி வருது. ஈரம் பட்டா யாவாரி தொட மாட்டான்."

நிழல் கிடைத்ததும் என் நாக்குக்கு றெக்கை முளைத்தது.

"வெயில் கூடினா என்னங்க நஷ்டம்? காலையில போட்ட வத்தல் காபி குடிக்கறதுக்குள்ள காயுது. மாடி டேங்க் தண்ணியில டீயே போடலாம். கடல் பொங்கும்னு பேராசிரியர் பயமுறுத்துறாரு. அவர் ஊர்ல ஒரு காலத்துல கடல் இருந்துச்சாம். இன்னிக்கும் பாறையைத் தட்டினா சிப்பி விழுது. கோவிச்சுக்கிட்டுப் போன கடல் திரும்பி வருதுங்க... வரட்டுமே! அரியலூருக்கு பீச், பெரம்பலூருக்கு ஹார்பர்!"

விசில் பறந்தது. செல்விதான் எல்லோரையும் விட பலமாகக் கைதட்டினார். "ஆமா சார்! வெயில் அடிச்சாத்தான் சோளம் காயும்!"

பேராசிரியர் எழுந்தார். "கூடுறது வெயில் மட்டும் இல்லைங்க. மழையும் காலம் தப்பிப் பெய்யும். ஐப்பசியில பெய்ய வேண்டியது மாசியில வந்து—"

முடிக்கவில்லை. படுதா மேல் பொடபொடவென்று சத்தம்.

"அய்யய்யோ, என் சோளம்!" செல்வி ஓடினார். ஊரே பின்னால் ஓடியது. நான் அண்ணாந்து பார்த்தேன். நாலு மாத உழைப்பு ரோட்டில் கிடக்கிறது... அதை மூட வேண்டியது என் தலைக்கு மேல் தொங்குகிறது!

அப்புறம் நடந்ததுதான் கூத்து. நடுவர் வேட்டியை மடித்துக் கட்டி, நாற்காலி மேல் ஏறி முடிச்சை அவிழ்த்தார். படுதாவின் ஒரு முனை பேராசிரியர், ஒரு முனை நான். அணி பேதமில்லாமல் ஓடினோம். காலால் கூட்டினோம், கையால் அள்ளினோம், வழுக்கி விழுந்து எழுந்தோம். படுதா பற்றவில்லை. யாரோ மேடை பேனரையும் உருவிக்கொண்டு வந்தார்கள். 'நன்மையே!' என்ற பெரிய எழுத்தும் அதன் கீழே சிரிக்கிற என் முகமுமாகச் சோளத்தை மூடியது. என் முகம் உருப்படியான காரியத்துக்குப் பயன்பட்டது அதுதான் முதல் தடவை.

கொஞ்ச நேரத்தில் மழை நின்றது. செல்வி படுதாவைத் தூக்கி, கையை உள்ளே விட்டு அடிச்சோளத்தை அள்ளினார். ஒரு மணியை எடுத்துக் கடித்தார்.

கடக்!

"காஞ்சுதான் இருக்கு! ஓரந்தான் லேசா நனைஞ்சிருக்கு. காலைல காய வெச்சா சரியாப் போயிரும்."

வந்த சந்தோஷத்தில் எதிரணியைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்று சுற்றினேன். பேராசிரியரின் கண்ணாடி எங்கே போனது என்று இன்னும் தெரியவில்லை.

நடுவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்பு சொல்ல வந்தார். மைக் நனைந்து செத்துப் போயிருந்தது. தீர்ப்பைச் செல்வியே சொல்லிவிட்டார், தலையைத் துவட்டிக்கொண்டே...

"அடுத்த வருசமும் வாங்க சார். வெயிலு நல்லதுன்னே பேசுங்க. ஆனா, வெயில்ல நின்னு பேசுங்க."