பதினேழாவது படியில் டீ

கேபிளார் அந்த அலுவலகத்துக்கு வந்தது கேபிள் இழுக்க. மூன்று நாள் வேலை என்றுதான் கூப்பிட்டார்கள். ஏணியைச் சாத்தி ஏறியவர் பதினோரு வருஷமாகியும் இறங்கவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் இருந்த உறவு அறுந்துவிட்டது. ஆனாலும் பேருந்து டிக்கெட் விற்கும் அந்த இணையதளத்தின் சர்வர் அவர் கைக்குத்தான் அடங்கியது. பட்டம் வாங்கிய இரண்டு பேர் முயன்று பார்த்தார்கள். ஆளுக்கொரு முறை தளத்தைக் கவிழ்த்துவிட்டு வேறு வேலை தேடிப் போனார்கள். சந்தேகம் இருந்தால் கேபிளாரையே கேட்கலாம். கேட்காவிட்டாலும் சொல்வார்.

புரோகிராமர்கள் புதிதாக எழுதுவதைச் சர்வரில் ஏற்றுவதுதான் அவர் வேலை. புதன்கிழமை பகல் இரண்டு மணி, டிக்கெட் வாங்குகிற ஜனம் சாப்பிட்டுவிட்டுக் கண் அசரும் நேரம். தளத்தை மூடு, பழையதை நகல் எடு, புதியதை ஏற்று, டேட்டாபேஸை மாற்று, தளத்தைத் திற என்று மொத்தம் முப்பத்தொரு படிகள். எல்லாம் ஒரு நீல அட்டை நோட்டில், கோழி கிளறியது போன்ற அவர் கையெழுத்தில் இருந்தன. அதை வாசிக்கத் தெரிந்தவரும் அவர் ஒருவர்தான். அதிலும் அவருக்குப் பெருமை.

முதல் பேரன் பிறந்தது ஒரு புதன்கிழமை. அப்போது தாத்தா இருபத்திரண்டாம் படியில் இருந்தார். இப்போது மகளுக்கு அடுத்த பிரசவம். மனைவி தட்டை வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"இந்தத் தடவையும் அந்தப் பெட்டிய கட்டிக்கிட்டு உட்கார்ந்தீங்கன்னா, ராத்திரி அங்கேயே படுத்துக்குங்க. போர்வை குடுத்து அனுப்பறேன்."

கேபிளார் ஊரையே வாயால் அளப்பவர். மனைவியிடம் மட்டும் அளவுகோலை மடக்கி வைத்துவிடுவார். மறுநாளே மேனேஜரிடம் பத்து நாள் லீவு கேட்டார். நீங்கள் இல்லாமல் ஒரு புதன்கிழமை ஓடிக் காட்டட்டும், பிறகு பத்து நாளென்ன, பதினைந்து நாள் போங்கள் என்றார் மேனேஜர்.

அப்படித்தான் அந்த வேலை புரோகிராமர் பெண்ணிடம் வந்தது. முப்பத்தைந்து வயது, வாய்த்துடுக்கு. மற்றவர்களைப் போல அவரை அங்கிள் என்று கூப்பிட்டு வயதாக்காமல் அண்ணே என்பாள். அதனாலேயே நோட்டை அவளிடம் கொடுத்தார், வரி வரியாக வாசித்தும் காட்டினார். ஒரு பட்டனை அமுக்கினால் முப்பத்தொரு படியையும் கம்ப்யூட்டரே ஏறி இறங்கும்படி அவள் எழுத வேண்டும்.

பதினேழாவது வரி வந்ததும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. 'போய் டீ குடி. அவசரப்படாதே. முழுசாகக் குடி.' மெஷினுக்கு எதற்கு டீ என்று அதை அடித்துவிட்டாள். முப்பது படியானது. சோதனைக்கு வைத்திருந்த சின்ன சர்வரில் ஓட்டினாள். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கியது.

புதன்கிழமை மேனேஜரே வந்து பட்டனை அமுக்கினார். நாலு நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது என்றது திரை. தளத்தைத் திறந்தால் வெள்ளைத்தாள். ஒரு பேருந்தும் இல்லை, ஒரு சீட்டும் இல்லை. போன்கள் அலற ஆரம்பித்தன. கேபிளார் சட்டைக் கையை மடித்துவிட்டு, பழைய நகலை எடுத்துப் போட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து கையால் செய்தார். நடுவில் வழக்கம்போல டீக்கடைக்கும் போய் வந்தார். தளம் எழுந்து உட்கார்ந்தது.

"கைப்பக்குவம்மா. அத எப்படி எழுதுவ?" என்றார்.

அலுவலகமே தலையாட்டியது. மேனேஜர் தோளில் தட்டிக்கொடுத்தார். கேபிளாருக்குக் கால் தரையில் படவில்லை. படியிறங்கும்போது மனைவியின் போன் வந்தது. டாக்டர் தேதி சொல்லிவிட்டார், அடுத்த புதன்கிழமை. கால் தரையில் பட்டது.

மறுநாள் ஒரு மணி நேரம் நோட்டையும் அந்தப் பெண் எழுதியதையும் அருகருகே வைத்துப் பார்த்தார். அவள் எழுதியது அவருக்குப் புரியவில்லை. ஆனால் எண்ணத் தெரியும். இங்கே முப்பத்தொன்று, அங்கே முப்பது. பதினாறாம் படியில் டேட்டாபேஸை மாற்றச் சொல்கிறோம். சின்ன சர்வரில் இருப்பது கைப்பிடி விவரம், கண்மூடித் திறப்பதற்குள் மாறிவிடும். பெரியதில் பதினோரு வருஷத்து டிக்கெட். அது மாறி முடிக்க எட்டு நிமிஷம். அவர் டீக்கடைக்குப் போய் வரவும் எட்டு நிமிஷம். பட்டன் அதற்குக் காத்திராமல் அடுத்த படிக்குத் தாவியிருக்கிறது.

ஆக, பதினோரு வருஷத்துக் கைப்பக்குவம் ஒரு கிளாஸ் டீ. வெளியே சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் லீவு போகும். இப்படியும் அப்படியும் மூன்று தடவை நடந்துவிட்டு, அந்தப் பெண்ணின் மேஜைக்குப் போனார்.

"நீ டீய விட்டுட்டம்மா."

"என்னண்ணே, கிண்டலா?"

"கிண்டல் இல்ல. நான் குடிக்கிற நேரத்துலதான் அது வேலைய முடிக்குது. இத்தன நாளு நான் பெரிய ஆளுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்துக் காதைப் பொத்தாத குறையாக நின்றார். அவள் சிரிக்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டு எழுதத் தொடங்கினாள். எட்டு நிமிஷம் என்று கணக்கு வைக்காமல், முடிந்ததா முடிந்ததா என்று டேட்டாபேஸைக் கேட்டுக்கொண்டே நிற்கும்படி ஒரு படி எழுதினாள். முடிந்தது என்று அது வாயைத் திறந்து சொன்னால்தான் அடுத்த படி. அந்தப் படிக்கு 'டீ' என்றே பெயர் வைத்தாள்.

இன்னொரு முறை பார்ப்போம் என்று மேனேஜர் அன்று ஒரு நாள் மட்டும் விட்டார். புதன்கிழமை இரண்டு மணிக்குக் கேபிளார் ஆஸ்பத்திரி வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். போன் அடித்தது. மேனேஜர்.

"பதினேழுல நிக்குது. டீன்னு போட்டிருக்கு. நாலு நிமிஷமா நகரல. நிறுத்திடவா?"

"கைய எடுங்க சார். குடிச்சு முடிக்கட்டும்."

அதற்குமேல் போனைக் காதில் வைத்துக்கொண்டு அவர் உட்காரவில்லை. உள்ளே ஒரு அழுகை கேட்டது, தொண்டை நல்ல கனம். பேத்தி. தாத்தா மாதிரியே என்று நர்ஸிடம் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் போனில் ஒரு வரி வந்து விழுந்தது. டீ குடித்தாயிற்று, முப்பத்தொன்றும் முடிந்தது, தளம் திறந்திருக்கிறது.

கேண்டீனிலிருந்து வந்த மனைவி அந்த வரியை எட்டிப் பார்த்துவிட்டு ஒரு பேப்பர் கப்பை நீட்டினாள்.

"அங்க மெஷினே குடிச்சிடுச்சாம். நீங்களும் குடிங்க."

குடித்தார். முழுசாக, அவசரப்படாமல். சர்க்கரை போதாது என்றுகூடச் சொல்லவில்லை.