புள்ளடி போட்ட ஷொக்

கனடாவின் லவாலில் இருந்த பனிவண்டிப் பட்டறையில் அருமைராசாவின் வேலை ஷொக்குகளுடன். வண்டியின் குலுக்கலை வாங்கும் குழாய்கள் அவை. உள்ளே எண்ணெய். எண்ணெய்க்குப் பின்னால் அழுத்தி அடைத்த நைதரசன். வால்வு ஊசியை அமுக்கி வாயுவை வெளியேற்றிய பிறகுதான் மூடியைக் கழற்றலாம். வாயு இருக்கக் கழற்றினால், மூடி குனிந்திருப்பவரின் முகத்துக்குப் போகும்.

வாயு எடுத்த ஷொக்கில் அருமைராசா சோக்கட்டியால் புள்ளடி போடுவார், குறுக்காக இரண்டு கோடு. கணேசலிங்கம் அதைப் பார்த்து மூடியைக் கழற்றுவார், எண்ணெய் மாற்றுவார். பிறகு அருமைராசா புது வாயு ஏற்றுவார். ஐந்து குளிர்காலம் இப்படிப் போனது.

1996 ஜனவரி. பல நாள் வெளியில் நின்ற வண்டியின் நான்கு ஷொக்குகள் மேசைக்கு வந்தன. மூன்று சீறின. நான்காவதில் ஊசியை அமுக்கியபோது சத்தமே இல்லை. வாயு முன்பே கசிந்திருக்கும் என்று அருமைராசா அதிலும் புள்ளடி போட்டார்.

அரை மணி கழித்துக் கணேசலிங்கம் கூப்பிட்டார்.

"அண்ணை, இது கழருதில்லை. என்ர மாமனாரின்ர கை மாதிரி இறுகிக் கிடக்கு."

குறட்டின் பிடியில் நீளக் குழாய் ஒன்றைச் செருகியிருந்தார். மூடி இரண்டு சுற்று வந்திருந்தது. அவர் மூக்கு அதற்கு ஒரு சாண் மேலே.

வாயு போன மூடி அப்படி இறுகாது. அருமைராசா கீழே வால்வைப் பார்த்தார். அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. வால்வை அடைத்திருந்தது பனிக்கட்டி; வாயு இன்னும் உள்ளேதான்.

"கணேசு, கையை எடு."

"இன்னும் கொஞ்சந்தான்..."

"எடு எண்டுறன்! முகத்தையும் எடு. பின்னால போ."

கணேசலிங்கம் சுவர்வரை போனார். மூடியில் இன்னும் எத்தனை சுற்று மிச்சம் என்று இருவருக்கும் தெரியாது. அருமைராசா பக்கவாட்டில் குந்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, நீளத் திருப்புளியால் ஊசியைத் தேடினார். வழுக்கியது. மறுபடி தேடினார். சீறல் வந்தது. அது ஓய வெகு நேரமானது.

"நீங்கள் புள்ளடி போட்டனீங்கள், அண்ணை."

"ஓம். என்ர பிழை. சத்தம் வரேல்லை, வெறுமை எண்டு நினைச்சிட்டன்."

"ஏற்கெனவே வீட்டில மனுசி செலீன் என்ர மூஞ்சி வடிவில்லை எண்டுறவ." கணேசலிங்கம் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

அதன்பிறகு அருமைராசா புள்ளடி போடுவதில்லை; வாயு எடுத்ததும் ஊசியையே கழற்றி ஷொக்கின் அருகில் வைப்பார். கணேசலிங்கம் ஒவ்வொரு ஷொக்கையும் எடுத்து, ஊசி இருந்த துளைக்குள் அடைப்பு உண்டா என்று தானும் கம்பி விட்டுப் பார்ப்பார். ஏன் என்று அருமைராசா கேட்டதில்லை. கணேசலிங்கம் பார்த்து முடிக்கும்வரை அவருடைய குறட்டைப் பிடித்தபடி பக்கத்தில் நிற்பார்.