பாதியில் நின்ற தொடர்

குற்றாலத்தில் எனக்கு எண்ணெய் தேய்த்துவிட்டவரின் பெயரை நான் கேட்கவில்லை. கட்டையான ஆள், நரைத்த மீசை. தான் ஏதாவது சொன்னால் கையை நிறுத்திவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார்.

குப்புறப் படுத்தபடி போனில் ஒரு சூப்பர் ஹீரோ தொடர் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதத்தான் பாக்குதியளா அண்ணாச்சி? தமிழ்ல நாங்களும் பாத்தோம்" என்றார்.

"முதல் பாகம் நல்லாருந்துச்சு. மூணாவது குப்பை. மேல எடுக்காம பாதியில நிறுத்தினாங்களே, அதுவே நல்லது" என்றேன். எனக்கு இப்படித்தான் பேச வரும்.

"நானும் என் வீட்டுக்காரியும் சேந்துதான் பாப்போம். நான் குப்பைம்பேன், அவ நல்லாருக்கும்பா. சண்டை போட்டுக்கிட்டே பாப்போம். மூணாவது வந்தப்போ எனக்கு ஓயாத வேலை. சாரல் சீசன் முடியட்டும்ட்டி, சேந்து பாப்போம்னேன். அதுக்குள்ள காய்ச்சல்ல போயிட்டா."

பிறகு தனியாகப் பார்த்தாராம். படு மட்டமாம்.

"திட்டுதேன், எதுத்துப் பேச ஆளில்ல. நீங்க ஒருவாட்டி நல்லாருக்குன்னு சொல்லுங்களேன்."

எனக்குப் பொய் பிடிக்காது. அந்தக் குப்பையை எடுத்தவன் மேல் எரிச்சலாக வந்தது. ஆனாலும், "கடைசிச் சண்டை நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன்.

"எத நல்லாருக்குங்கிய? வில்லன் பொம்மை மாதிரி நிக்கான், அது சண்டையா?" என்று பிடித்துக்கொண்டார். கதை, வசனம், பறக்கிற காட்சி, ஒன்றையும் விடவில்லை. நான் குறுக்கே பேசவில்லை. திடீரென்று அவரே அடங்கினார்.

"அவ என்னை இவ்வளவு நேரம் பேச விட மாட்டா."

கையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.