சஹனில் விரிந்த செம்பாசி

ஒக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை. நாலரைக்கு எழும்பி, சுபஹ் தொழுது, இடியப்பம் அவித்தேன். ஆறே முக்காலுக்குக் கணவர் திகனயிலுள்ள கருவாட்டுக் கடைக்குப் புறப்பட்டார். ஏழரைக்குள் வீடு கூட்டியாயிற்று. மழை விடவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் பெண்களின் கைவினைக் கண்காட்சிக்கு ஒரு படம் கொடுக்க வேண்டும். இருபது வருடமாக இலைகளை அழுத்திக் காயவைத்துத் தாளில் ஒட்டுகிறேன். ஒன்றும் இந்த வீட்டுச் சுவரைத் தாண்டியதில்லை. இம்முறை கடலிலிருந்து ஏதாவது வேண்டுமென்று தோன்றியது. கற்பிட்டியிலிருந்து வரும் கருவாட்டு லொறிக்காரரிடம் கணவர் சொல்லிவைத்ததில், கடல் தண்ணீர்ப் போத்தலொன்றில் சிவப்புப் பாசி முந்தின நாள் வந்திருந்தது.

பத்து மணிக்கு அதை வெளியே எடுத்தேன். வாடை போகட்டுமென்று, மீனைக் கழுவுவது போலவே உப்பும் தேசிக்காய்ப் புளியும் போட்டு மூன்று தண்ணீர் கழுவினேன். மூன்றாம் தண்ணீரில் சிவப்பெல்லாம் பேசினுக்குள் இறங்கிவிட்டது. கையில் மிஞ்சியது வெந்த கீரை.

பகல் சாப்பாட்டுக்கு வந்த கணவர் எட்டிப் பார்த்தார்.

"என்னா புள்ள, தேசிக்காயும் போட்டீக்கி! இனி தேங்காப்பால் ஊத்தி ஆணம் ஆக்கு."

"சிரிக்காதீங்க. வெள்ளிக்கிழமை நான் என்னத்தக் கொண்டுபோய்க் குடுக்குற?"

அவர் போத்தலைத் தூக்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தார். "அடியில ஒண்டு ஒட்டிட்டு ஈக்கிது. இதயாச்சும் கழுவாம உடு."

விரல் நுனியளவு சிவப்புக் கட்டி. விருந்தில் பலர் சேர்ந்து உண்ண எடுக்கும் பெரிய தட்டான சஹனில் போத்தலின் கடல் தண்ணீரை ஊற்றி, அதை மெல்ல விட்டேன். கட்டி அவிழ்ந்தது. கிளை, அதிலிருந்து கிளை, அதிலும் மயிரை விட மெல்லிய கிளை. சஹன் முழுவதும் ஒரு மரம் நின்றது. இத்தனையும் அந்தச் சிறு கட்டிக்குள் எப்படி அடங்கியிருந்தது? 'சுப்ஹானல்லாஹ்' என்றார் கணவர். கடைக்குத் திரும்ப வேண்டியவர், கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் தொட அஞ்சினேன்.

தடித்த தாளை அடியில் நுழைத்து, அவர் ஒரு முனையும் நான் ஒரு முனையுமாகத் தூக்கினோம். தண்ணீர் வடிய வடிய ஊசியால் கிளைகளைப் பிரித்தேன். அரை மணி நேரம் பிடித்தது. மேலே மெல்லிய வெள்ளைத் துணி, அதற்கு மேல் பத்திரிகைத் தாள்கள், பலகை, அம்மிக் குழவி.

புதன்கிழமை சுபஹ் தொழுததும் முதல் வேலையாகக் குழவியை இறக்கி, நனைந்த பத்திரிகைகளை எடுத்தேன். துணியைத் தூக்கவில்லை; ஈரத்தில் கிளைகளும் அதோடு வந்துவிடும். அதனூடே ஒவ்வொரு கிளையும் சிவப்பாகவே தெரிந்தது. உலர்ந்த தாள்களை வைத்து மூடினேன்.