தடியில் கட்டிய ஓலை

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு தை மாதம். வெட்டுக்கு நின்ற நெல் கதிரோடு தண்ணீருக்குள் கிடந்தது. மழை விட்டாலும் வெள்ளம் வடியவில்லை. எங்கள் ஆறு களப்பில், கடலோர ஏரியில், விழுகிறது. களப்புக்கும் கடலுக்கும் நடுவே மணல்மேடு. அதை வெட்டிவிட்டால் நெல் தப்பும். அளவுக்கு மிஞ்சி ஓடவிட்டாலோ களப்பில் வளரும் இறாலும் கடலுக்குப் போய்விடும், உப்புத் தண்ணீரும் உள்ளே ஏறிவிடும். அதனால் ஒரு வழக்கம் இருந்தது. மேட்டை வெட்டுவது வயல்காரர். களப்பில் தடி நட்டு அதில் ஓலை கட்டுவது மீன்பிடிக்கிற சனம். தண்ணீர் ஓலைக்கு இறங்கியதும், யார் அழுதாலும், வெட்டிய வாயை அடைக்க வேண்டும்.

கணவருக்குக் காய்ச்சல். மண்வெட்டியோடு நான்தான் போனேன்.

வெட்டிய வாயால் தண்ணீர் இரைந்து ஓடியது. மணல் இடிந்து வாய் அகலாமல், மீன்பிடிக்கிற ஆட்கள் இரண்டு பக்கமும் மண் சாக்குகளை அடுக்கிப் பிடித்தார்கள். நான் தடியைப் பார்ப்பதும் வயலைப் பார்ப்பதுமாக நின்றேன். மற்றவர்களின் கதிர்கள் தலைகாட்டிவிட்டன. பிந்திக் குடியேறிய எங்களுக்கு வாய்த்தது பள்ளக் காணி. பாழாய்ப்போன பள்ளம்!

"அக்கா, ஓலையைத் தொட்டிட்டுது," என்றாள் தடியடியில் நின்றவள். எங்கள் வாசல் படலைக்கு இறால் கொண்டுவந்து நெல்லுக்கு மாற்றிப் போகிறவள்தான்.

"உனக்குக் கண் தெரியாதோ? என்ரை நெல் இன்னும் தண்ணிக்குள்ளதான் கிடக்கு. கொஞ்சம் பொறு!"

"பொறுத்தா என்ரை பிள்ளையள் என்னத்தைத் தின்னுறது?"

வயல்காரர் ஒருவராவது எனக்காக வாய் திறக்கவில்லை. அவர்களுடைய நெல்தான் தப்பிவிட்டதே! அவள் என் முகத்தைப் பார்த்தபடியே முதல் சாக்கைத் தூக்கி வாய்க்குள் போட்டாள்.

"நாசமாய்ப் போங்கோ!" என்று மண்ணை அள்ளி எறிந்துவிட்டு, அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் விடியப் படலையடியில் அவள். எங்கள் வயலுக்குள் அவளுடைய புருசன் வள்ளத்தோடு நின்றார். வள்ளம் ஓடும் அளவுக்கு அந்தப் பள்ளத்தில் மட்டும்தான் தண்ணீர் கிடந்தது.

"அரிவாளைத் தாங்கோ, அக்கா. வள்ளத்தில நிண்டு வெட்டுவம். முளைக்க முந்தி எடுத்திட வேணும்."

கோபம் நெஞ்சுக்குள் அப்படியே இருந்தது. ஆனாலும் அரிவாளைக் கொடுத்தேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் ஏறினேன்.

"நெல்லுக்கு மேல வள்ளத்தை ஏத்திப்போடாதை!"

"ஏத்தேல்லை, கத்தாதேங்கோ!" என்று அவளும் கத்தினாள்.

பொழுது சாய்வதற்குள் பாதி நெல் கரைக்கு வந்தது. மீதி தண்ணீருக்குள்ளேயே முளைத்துவிட்டது.