பட்டாளத்துப் பிள்ளை கட்டிய தடுப்பு

1930களின் தொடக்கத்தில் திருவொற்றியூரில் ஒரு கடலையெண்ணெய் ஆலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் பிட்டராக நான் இருந்தேன். முதலாளியின் ஒரே மகன் பட்டாளத்தில் லெப்டினென்ட். வெள்ளைக்காரர்களே அதிகம் இருந்த உத்தியோகத்துக்குத் தன் பிள்ளை போனதில் முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை. விடுப்பில் வந்தவரைக் காக்கி உடுப்போடு ஆலையைச் சுற்றிவரச் சொன்னார்.

அன்று பார்த்து, கடலை உடைக்கும் இடத்தில் ஒரு பெண்ணின் முந்தானையை இயந்திரத்தின் பெல்ட் இழுத்துக்கொண்டது. நான் ஓடிப்போய் நிறுத்துவதற்குள் அவளுடைய வலது தோள் பிசகிவிட்டது. லெப்டினென்ட்தான் அவளைத் தூக்கித் தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்ததும் இது முன்பும் நடந்திருக்கிறதா என்று என்னிடம் கேட்டார்.

"நடந்துகினுதான் கீது சார். தடுப்பு போடுங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது? யாரு கேக்குறா?" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவரும் நானுமாக மூங்கில் வாங்கி வந்து பெல்ட்டைச் சுற்றித் தடுப்பு கட்டினோம். கயிறு இழுத்து அவர் உள்ளங்கை கன்றிப்போயிற்று. திங்கட்கிழமை, மூட்டை தூக்க இடைஞ்சல் என்று மேனேஜர் அதைப் பிரித்துப் போட்டுவிட்டார். லெப்டினென்ட் நேரே அப்பாவின் அறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்ததால் முதலாளி சொன்னது எங்களுக்கெல்லாம் கேட்டது.

"உன் உத்தரவை உன் பட்டாளத்துல வச்சுக்கோ. இது என் ஆலை."

அவர் வெளியே வந்தார். விடுப்பு முடிந்து பட்டாளத்துக்குக் கிளம்புமுன், எப்படியாவது மறுபடி கட்டிவிடு என்று என்னிடம் சொல்லிப் போனார். கட்டினேன். அதையும் பிரித்தார்கள். இன்னொரு தரம் கைவைத்தால் வேலை போய்விடும் என்றார் மேனேஜர்.

அடுத்த மழைக்காலத்தில் வடமேற்கு எல்லைப்புறத்தில் விஷக்காய்ச்சல் கண்டு அவர் இறந்துபோனதாகத் தந்தி வந்தது. இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. துக்கத்துக்காக ஆலையைச் சில நாள் மூடினார்கள். இனியாவது கேட்பார் என்று நம்பி, காரியம் முடிந்தபின் முதலாளியிடம் போய்த் தடுப்பைப் பற்றிச் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பொய் அழுகை இல்லை. அவன் பேரில் ஏதாவது செய்யத்தான் வேண்டும் என்றார். செய்தார்: வாசலில் சலவைக்கல் வளைவு. திறப்பு விழாவில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். தோள் பிசகிய பெண் இடது கையால் வாங்கிக்கொண்டாள்.

சில வருஷம் கழித்து அரசாங்க இன்ஸ்பெக்டர் வந்து கண்டித்த பிறகுதான் இரும்புவலை வந்தது. அதை நான் மாட்டிக்கொண்டிருந்தபோது, மறுபடி பார்வையிட வந்த இன்ஸ்பெக்டரிடம், இது தன் மகனின் யோசனை என்று முதலாளி பெருமையாகச் சொன்னார். ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு நான் வெளியே போய்விட்டேன்.